பச்சோந்திக் கூண்டுக்குள் உயிர்ச்செடிகள்: எட்டு மாதப் பதிவு

மரகதத்தின் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். மேல் கிளையில் கட்டியிருந்த துணி இலை ஒன்றின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு காணோம். பக்கத்து இலையிலும் அப்படியே. நகம் பட்டுக் கிழிந்ததாக இருந்தால் நார் தொங்கும். இதில் ஓரம் சுத்தமாக இருந்தது, கடித்துத்தான் எடுத்திருக்கிறாள். மூன்று நாள் கழித்து எச்சத்தில் அந்தத் துண்டு பச்சை நிறம் மாறாமல் வெளியே வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. குடலில் சிக்கியிருந்தால் மருத்துவரிடம் அறுவை சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும்.

மரகதம் யேமன் பச்சோந்தி. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்து ‘வெய்ல்ட் கமிலியன்’ என்றும் சொல்வார்கள். யேமனும் சவுதி அரேபியாவும் இந்த இனத்தின் பூர்வீகம். இவள் கூண்டில் பிறந்தவள், அப்போது ஏழு மாதக் குட்டி. வளர்க்கப்படும் பச்சோந்திகளில் இந்த இனத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பூச்சியோடு நிற்காமல் இலை, பூ, பழம் எல்லாவற்றையும் கடித்துத் தின்னும். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியும் இலையை எப்போதாவது கடிக்கும், ஆனால் இவளைப் போலத் தினமும் மேயாது. அதனால் யேமன் பச்சோந்தி இருக்கும் கூண்டில் நாம் வைக்கும் ஒவ்வொரு செடியும் தீவனம்தான். அலங்காரத்துக்கு என்று எதையும் வைக்க முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்த பிறகுதான் எந்தச் செடி, எந்த மண், எத்தனை நாள் காத்திருப்பது என்பதெல்லாம் எனக்குத் தெளிவானது.

அன்றே செயற்கை இலைகள் அத்தனையையும் கழற்றிவிட்டேன். வெறும் கிளைகளோடு கூண்டு மொட்டையாக நின்றது. அடுத்த சில வாரங்கள் அவள் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒளிய இடம் இல்லாததால் நான் அறைக்குள் நுழைந்தாலே உடல் கறுத்துவிடும், வாலைச் சுருட்டிக்கொண்டு கிளையின் அந்தப் பக்கத்துக்குப் போய் உடலைத் தட்டையாக்கிக்கொள்வாள். தற்காலிகமாகக் கூண்டின் மூன்று பக்கத்திலும் வெளியிலிருந்து துணி கட்டினேன். அது ஓரளவு உதவியது. நீங்களும் இந்த மாற்றத்தைச் செய்வதாக இருந்தால், செடிகள் தயாராகும் வரை இந்தத் துணியை மறக்காதீர்கள்.

கூண்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 60 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம், 120 சென்டிமீட்டர் உயரம். நான்கு பக்கமும் மேலேயும் வலை, சட்டம் அலுமினியம்.

முதலில் வேண்டாத செடிகளைத்தான் ஒதுக்கினேன். அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி, குன்றிமணிக் கொடி, அடீனியம் ஆகியவை விஷச் செடிகள், பேச்சுக்கே இடமில்லை. குரோட்டன்ஸும் பால் வடியும் கள்ளி வகைகளும் அதே பட்டியல். டைஃபன்பேக்கியாவின் இலை அகலமாக, அழகாக, தண்ணீர் நிற்பதற்கு ஏற்றதாக இருக்கும். ஆனால் அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் நிறைய. மென்றால் வாயும் நாக்கும் வீங்கிவிடும். நாக்கைச் சுண்டி எறிந்து இரை பிடிக்கும் பிராணிக்கு நாக்கு வீங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். முள் உள்ள எதுவும் வேண்டாம், காகிதப்பூ உட்பட. கண் வெளியே துருத்திக்கொண்டு எல்லாப் பக்கமும் சுழலும் பிராணி அது.

மணி பிளான்ட் விஷயத்தில் நான் நிறைய யோசித்தேன். அதிலும் அதே ஊசிப் படிகங்கள் உண்டு, நாயும் பூனையும் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். ஆனாலும் பச்சோந்தி வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கூண்டில் அதிகம் வைத்துவரும் செடி அதுதான், யேமன் பச்சோந்திகள் அதை அவ்வப்போது கடித்தாலும் நன்றாகவே இருக்கின்றன. நான் ஒரு நடுவழி எடுத்தேன். மணி பிளான்ட் இருக்கட்டும், ஆனால் கடிப்பதற்கு அதைவிடப் பிடித்த ஒன்று பக்கத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும். அந்தப் பிடித்த ஒன்று செம்பருத்தி. இலை, மொட்டு, பூ மூன்றையும் பச்சோந்திகள் ஆசையாகத் தின்னும், தீங்கும் இல்லை.

கடைசியில் தேர்ந்தவை ஐந்து: செம்பருத்தி, அத்தி வகையான பைகஸ் பெஞ்சமினா, குடைச்செடி என்று சொல்லப்படும் குட்டை ஷெஃப்ளரா, மணி பிளான்ட், கீழ்ப்பகுதிக்கு ஸ்பைடர் பிளான்ட். அரேகா பனையும் பட்டியலில் இருந்தது. பாதுகாப்பான செடிதான், ஆனால் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அது விரிந்தால் வேறு எதற்கும் இடமிருக்காது. பாஸ்டன் பெரணியை ஒரு மாதம் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். வெளிக்காற்று புகுந்து போகும் வலைக் கூண்டில் அதன் நுனிகள் காய்ந்து உதிர்ந்துகொண்டே இருந்தன.

செடி வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும், காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பஞ்சுபோல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, பழுப்பு நிறத்தில் சின்னக் கொப்புளம்போல ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. இலைப் பளபளப்புத் தைலம் பூசிய செடிகளை வாங்கவில்லை, விரலால் தேய்த்தால் வழுக்கலாகத் தெரியும். இவற்றைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நர்சரிகளில் வேர் வழியாக ஏறும் பூச்சிமருந்து போடுவது உண்டு. இமிடாக்ளோபிரிட் அந்த வகை. அது சாற்றில் கலந்து இலை, பூ எல்லாவற்றிலும் பரவும், மேலே எவ்வளவு கழுவினாலும் போகாது. மரத்தண்டு உள்ள செடிகளில் மாதக்கணக்கில் தங்கும். அந்த இலையைத் தின்னும் பச்சோந்திக்கும் கேடு, அந்த இலையைக் கொறித்த வெட்டுக்கிளியைத் தின்றாலும் கேடு.

ஆகவே செம்பருத்தியை மட்டும் நான் வாங்கவே இல்லை. நண்பர் வீட்டுத் தோட்டத்தில் பல வருடமாக மருந்தே அடிக்காத செடி ஒன்று இருந்தது. அதிலிருந்து பென்சில் பருமனில் ஆறு குச்சிகள் வெட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், கீழே கணுவுக்கு அடியில் சாய்வான வெட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினேன். ஈரமான தென்னை நார்த்தூளில் குத்திவைத்து, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தேன். ஐந்தாவது வாரம் மெல்ல இழுத்துப் பார்த்தபோது நான்கு குச்சிகள் பிடி கொடுத்தன. வேர் வந்துவிட்டது. மணி பிளான்ட்டையும் அதே நண்பரிடமிருந்து கணுக்களாக வாங்கித் தண்ணீரில் போட்டு வேர்விட வைத்தேன். அதிகம் கடிபடப்போகும் செடியைப் பதியன் போட்டோ குச்சி நட்டோ நாமே வளர்த்துக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் போகும், ஆனால் அந்த இலையில் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை.

வாங்கிய செடிகள் பைகஸும் ஷெஃப்ளராவும் ஸ்பைடர் பிளான்ட்டும். வந்த அன்றே மூன்றையும் தொட்டியிலிருந்து கவிழ்த்தேன். நர்சரி மண்ணில் மஞ்சளும் நீலமுமாக உருண்டைகள் இருந்தன, மெதுவாகக் கரையும் ரசாயன உரம். மண்ணை இலேசாக்கச் சேர்க்கும் பெர்லைட் மணிகள் வேறு, வெள்ளை நிறத்தில். இரண்டுமே பச்சோந்தியின் கண்ணுக்குப் பூச்சி மாதிரித் தெரியக்கூடும், நாக்கை நீட்டிவிடும். வாளித் தண்ணீரில் வேர்க்கட்டியை முக்கி, விரலால் பிரித்து, தண்ணீர் மாற்றி மாற்றி நான்கு முறை அலசினேன். பைகஸின் வேர் நெருக்கமானது. பழைய மண் முழுவதும் போக முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் கொஞ்சம் சல்லிவேர் அறுந்தது, அதைத் தவிர்க்க முடியாது.

புது மண் கலவையைச் சாதாரணமாகவே வைத்துக்கொண்டேன்: இரண்டு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய மண்புழு உரம், ஒரு பங்கு கழுவிய ஆற்று மணல். தென்னை நாரில் உப்பு இருக்கும், அதனால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்த்தேன். பெர்லைட் கிடையாது, வெர்மிகுலைட் கிடையாது, உர மணி கிடையாது. அடித்துளை மண்ணால் அடைபடாதபடி வலைத்துண்டு ஒன்று.

பிறகு இலை கழுவும் வேலை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் சில துளிகள், மெல்லிய துணியில் நனைத்து ஒவ்வொரு இலையும் இருபுறமும். கழுவியதும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினேன். பைகஸில் நூற்றுக்கணக்கான இலைகள், அதைத் துணியால் துடைக்க முடியாது. தொட்டியைப் பையால் கட்டி, செடியைச் சாய்த்து, சோப்புத் தண்ணீருக்குள் தலைகீழாக முக்கி ஆட்டினேன். இதை வாரம் ஒருமுறை என்று நான்கு வாரம் செய்தேன். மொத்தம் 12 வாரம் வாங்கிய செடிகள் தனி அறையில் காத்திருந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தேன். அந்த 12 வாரத்தில் வந்த புதுத்துளிர்கள் எங்கள் மண்ணில், எங்கள் தண்ணீரில் வந்தவை. பழைய பெரிய இலைகளில் பலவற்றைக் கூண்டுக்குள் வைக்கும் முன் கிள்ளிவிட்டேன்.

இந்தக் காத்திருப்புதான் பலருக்கும் கடினமாக இருக்கும். செடி கையில் இருக்கும், கூண்டு காலியாக இருக்கும், பிராணி கறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறாவது வாரத்தில் எனக்கும் உள்ளே வைத்துவிடலாமா என்று தோன்றியது. வேர்பிடித்த மணி பிளான்ட் தயாராக இருந்ததால் அதை மட்டும் உள்ளே வைத்தேன். மற்றதைத் தொடவில்லை. இன்று யோசித்தாலும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

அப்புறம் எடை. தண்ணீர் குடித்த பைகஸ் தொட்டியைத் தராசில் வைத்தேன், எட்டு கிலோவுக்குச் சற்று மேல். கூண்டின் அடித்தட்டு மெல்லிய பிளாஸ்டிக், அது தாங்காது. கூண்டுக்குள் செடிகளின் எடையைத் தாங்க நான்கு கால் வைத்த பிளாஸ்டிக் மணையைப் போட்டேன், மணைக் கால்களின் பாரம் கீழே உள்ள மேசைக்கு நேராக இறங்கும்படி அடித்தட்டின் கீழே பலகை கொடுத்தேன். மணி பிளான்ட்டும் ஸ்பைடர் பிளான்ட்டும் இலேசானவை. அவற்றைச் சட்டத்தின் மூலைகளில் கேபிள் டை போட்டுத் தொங்கவிட்டேன். வலையில் எதையும் கட்டக் கூடாது. ஒருநாள் பிய்த்துக்கொண்டு விழும்.

செடி வைத்தால் கிளை வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி. முன்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு, பின்காலில் அதற்கு நேர்மாறு. பற்றிப் பிடிக்க உறுதியான கட்டை வேண்டும். மணி பிளான்ட் தண்டு அவள் பாரத்தில் துவண்டு தொங்கும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை பல பருமனில் காய்ந்த கொய்யாக் கிளைகளைக் கிடையாகக் கட்டினேன். செடிகளை அந்தக் கிளைகளைச் சுற்றி, இலை கிளைக்கு மேலும் பின்னாலும் வரும்படி நிறுத்தினேன். அவள் நடப்பது கிளையில், மறைவது இலைக்குள்.

அவள் வெயில் காய வைத்த வெப்ப விளக்குக்கு அடியில் எந்த இலையும் 25 சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரமே ஷெஃப்ளராவின் ஒரு கொத்து அதற்கு மேலே நீண்டு கருகியது. கருகிய இலை பார்வைக்கு மட்டும் பிரச்சினை, ஆனால் அந்த இலையைத் தொடர்ந்து அவளும் மேலே ஏறினால் தலைக்கொண்டை சுட்டுவிடும். வெயில் காயும் கிளையில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்படி விளக்கை உயர்த்தினேன். புறஊதா விளக்கு நீளமான டி5 டியூப். புறஊதாக் கதிரின் வலுவைக் காட்டும் அளவுமானியை இரவல் வாங்கி, அவள் முதுகு இருக்கும் உயரத்தில் யூவி இன்டெக்ஸ் 3 வருகிறதா என்று பார்த்தேன். செடி வைத்த பிறகு இதை மறுபடி அளக்க வேண்டும். அந்தக் கிளைக்கு மேலே பைகஸின் இரண்டு கொப்புகள் மறைத்திருந்ததில் அளவு ஒன்றுக்கும் கீழே போயிருந்தது. கொப்புகளை வெட்டினேன், மறுபடி மூன்றுக்கு வந்தது. வெளிச்சமும் வேண்டும், மறைவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அவளே போய்வந்து தேர்ந்துகொள்ளும்படி மேல் கிளையின் ஒரு முனையைத் திறந்தும் மறுமுனையை இலைக்குள்ளும் விட்டேன்.

யூவி டியூப் செடிக்குப் போதாது. அது பார்க்க வெளிச்சமாகத் தெரிந்தாலும் 120 சென்டிமீட்டர் உயரக் கூண்டின் பாதி வரைகூட நல்ல ஒளி இறங்காது. பகல் வெளிச்சம்போல வெண்மையான 6500 கெல்வின் எல்இடி பட்டைகள் இரண்டைச் சேர்த்து, எல்லாவற்றையும் டைமரில் 12 மணி நேரத்துக்கு வைத்தேன். இந்தப் பட்டைகள் வந்த பிறகே செம்பருத்தி உள்ளே உயிரோடு நின்றது.

இப்போது தண்ணீர். பச்சோந்திகள் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையில் உருளும் துளியைப் பார்த்தால்தான் நாக்கு நீளும். செடி வைத்ததில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி இங்கேதான். விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம், இரவில் விளக்கு அணைந்த பிறகு இரண்டு நிமிடம் தெளிப்பான் ஓடும். பிற்பகலில் மேலேயிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் குழாய் கால் மணி நேரம். துணி இலைகளில் தண்ணீர் படர்ந்து உறிஞ்சப்பட்டுவிடும், துளி நிற்காது. ஷெஃப்ளராவின் மெழுகு பூசிய இலையில் துளி உருண்டு நுனிக்கு வந்து தொங்கும், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் மின்னும். முதல் நாள் காலையில் அவள் ஒரு கண்ணை அந்தத் துளிமேல் நிறுத்தி, கழுத்தை நீட்டி, நுனியை வாயால் உறிஞ்சினாள். அப்புறம் அடுத்த இலை. பதினொரு நிமிடம் நகராமல் குடித்தாள். அதற்கு முன் நான் அவளை அப்படிக் குடித்துப் பார்த்ததே இல்லை. எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதற்கு முன்பு மஞ்சளோடி இருக்கும், அந்த மாதத்திலிருந்து பால்வெள்ளையாக மாறியது. தண்ணீர்ச் சத்து போதுமா என்பதற்கு நான் பார்க்கும் முதல் அடையாளம் அதுதான்.

பைகஸின் இலை நுனி ஊசிபோல நீண்டது, அதிலும் துளி நன்றாகத் தொங்கும். செம்பருத்தி இலையில் சுமார்தான். எந்தச் செடி வாங்கினாலும் முதலில் ஒரு கை தண்ணீர் தெளித்து, துளி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பகலில் கூண்டு காய வேண்டும். தெளித்து ஒரு மணி நேரத்தில் இலைகள் உலர்ந்துவிடுகின்றனவா என்று கவனித்தேன். எந்நேரமும் ஈரம் நின்றால் பூஞ்சை வரும், பிராணிக்குச் சளி பிடிக்கும். வலைக்கூண்டில் காற்று ஓடுவதால் எனக்கு இதில் தொல்லை இல்லை. தொல்லை மண்ணில் வந்தது.

மண்ணை அவள் தின்றுவிடாமலிருக்கத் தொட்டியின் மேல் கூழாங்கற்கள் பரப்பியிருந்தேன். ஒவ்வொரு கல்லும் அவள் தலையைவிடப் பெரியது, அதைவிடச் சின்னது விழுங்கப்படலாம். தெளிப்பான் தண்ணீரும் சொட்டுக்குழாய்த் தண்ணீரும் கற்களுக்கிடையே இறங்கின. மேலே கல் காய்ந்து தெரிந்ததால் நான் தனியாகவும் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் பைகஸ் இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. இடம் மாறினாலே பைகஸ் இலை உதிர்க்கும் என்று தெரியும், ஆகவே பொறுத்தேன். ஆனால் கற்களை எடுத்துப் பார்த்தபோது மண் சேறாக இருந்தது, மோந்து பார்த்தால் புளித்த வாடை. சின்னக் கறுப்புக் கொசுக்கள் வேறு பறந்தன. அவை பூஞ்சைக் கொசுக்கள், ஈர மண்ணில் முட்டையிடுபவை.

செடியை வெளியே எடுத்து, கறுத்து நசிந்த வேர்களை வெட்டி, புது மண்ணில் நட்டு, பத்து நாள் தண்ணீரே ஊற்றவில்லை. அதன் பிறகு மூன்று மாற்றங்கள். சொட்டுக்குழாய்க்கு நேர் கீழே தொட்டி இல்லாமல் ஒரு வடிகால் தட்டு. தெளிப்பான் மூக்குகளைத் தண்டுக்குப் பதிலாக இலைத் தழைக்குத் திருப்பிவிட்டேன். ஒவ்வொரு தொட்டியிலும் அடிவரை குத்திய ஒரு மூங்கில் குச்சி. ஞாயிற்றுக்கிழமை குச்சியை உருவிப் பார்ப்பேன். கீழ்ப் பாதி ஈரமாக இருந்தால் ஊற்றுவதில்லை. உருவிப் பார்த்தவற்றில் பெரும்பாலான வாரம் ஊற்றவே தேவைப்படவில்லை. ஐந்தாவது வாரம் பைகஸ் கொப்புகளில் ஊசி ஊசியாகத் துளிர் கிளம்பியது. பூஞ்சைக் கொசுவுக்கு மஞ்சள் ஒட்டுத் தாளை வைக்கச் சொல்வார்கள். கூண்டுக்குள் வைக்கவே கூடாது, நாக்கோ காலோ ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க முடியாது. நான் கூண்டுக்கு வெளியே ஒரு அடி தள்ளித் தொங்கவிட்டேன், மண் காய்ந்ததும் கொசுக்கள் தாமாகக் குறைந்தன.

இதே காலத்தில்தான் செம்பருத்திகளைச் சுழற்சிமுறைக்கு மாற்றினேன். உள்ளே இரண்டு வாரம் இருந்தால் கீழ் இலைகள் பாதி தின்னப்பட்டிருக்கும், மொட்டுகள் உதிர்ந்திருக்கும். எல்இடி எவ்வளவு இருந்தாலும் செம்பருத்திக்கு வெயில் வேண்டும். நான்கு செடிகள் இருந்தன, இரண்டு உள்ளே, இரண்டு வெளியே வெயிலில். வெளியிலிருந்து உள்ளே வரும் முன் இலைகளைத் திருப்பிப் பார்த்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒருநாள் தனியே நிறுத்தி வைப்பேன். வெளியே மொட்டு விரிந்த பூவைக் காம்போடு கிள்ளி அவளுக்குக் கையில் காட்டுவேன். இப்போது அந்தச் சிவப்பைப் பார்த்தால் கிளையின் விளிம்புவரை வந்துவிடுகிறாள்.

ஐந்தாம் மாதம் மாவுப்பூச்சி வந்தது, ஷெஃப்ளராவின் காம்பிடுக்குகளில். செடியை அப்போதே வெளியே எடுத்தேன். கூண்டுக்குள் எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது, வேப்பெண்ணெய்கூட நான் உள்ளே பயன்படுத்துவதில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பூச்சி பூச்சியாகத் தொட்டு எடுத்தேன். மறுநாள் சோப்புத் தண்ணீர்க் குளியல். மூன்று நாளுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்து, கண்ணில் ஒன்றும் படாமல் மூன்று வாரம் கடந்த பிறகு உள்ளே வைத்தேன். மாற்றுச்செடி ஒன்று வெளியே தயாராக இல்லாமல் இருந்திருந்தால் அவள் மறுபடி மொட்டைக் கூண்டில் மூன்று வாரம் இருந்திருப்பாள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு இரட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது தொடங்கியது.

அதே ஐந்தாம் மாதத்தின் கடைசியில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண் பச்சோந்தி வளர்ப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மரகதம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எப்போதும் மேலே இருப்பவள் தரையில் திரிந்தாள், மூலைகளைக் கீறினாள். மூன்றாம் நாள் காலை பார்த்தால் பைகஸ் தொட்டியின் கற்களைப் புரட்டிவிட்டு, தண்டுக்குப் பக்கத்தில் தலை மறையும் அளவுக்குக் குழி தோண்டியிருந்தாள். யேமன் பச்சோந்திப் பெண்கள் ஆணைப் பார்க்காமலேயே கருவில்லாத முட்டைகளை உருவாக்குவார்கள். முட்டையிடத் தோதான இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கினால் அது உயிரையே எடுத்துவிடும். வேர்கள் நெருங்கிய அந்தத் தொட்டியில் அவளால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை.

அன்றே கூண்டின் தரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தேன். கழுவிய மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, கையால் சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரமாக்கினேன். ஸ்பைடர் பிளான்ட்டை அதன் ஓரத்தில் வைத்து மறைவு கொடுத்தேன். கூண்டைச் சுற்றிலும் துணி போட்டேன். தோண்டும்போது யாராவது பார்ப்பதை உணர்ந்தால் பெண் பச்சோந்திகள் பாதியில் நிறுத்திவிடும். மறுநாள் மாலைவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது மண்ணை மூடி மட்டப்படுத்திவிட்டு, மெலிந்து, ஷெஃப்ளரா இலைத் துளியைக் குடித்துக்கொண்டிருந்தாள். தோண்டி எடுத்ததில் 31 முட்டைகள். அந்தத் தொட்டி அன்றிலிருந்து கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. பெண் பச்சோந்திக்குச் செடி வைக்கும்போதே முட்டைத் தொட்டிக்கான இடத்தையும் ஒதுக்கிவிடுங்கள். செடிகளால் தரையை நிரப்பிவிட்டு அப்புறம் இடம் தேடும் நிலை வரக் கூடாது.

சின்னச் சின்ன வேலைகள் சில இருக்கின்றன. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் இரண்டே மாதத்தில் இலைகளில் வெள்ளைப் புள்ளிகள் படியும், தெளிப்பான் மூக்கும் அடைக்கும். நான் வடிகட்டிய தண்ணீருக்கு மாறினேன், படிந்திருந்ததை ஈரத் துணியால் துடைத்தேன். எச்சம் விழுந்த இலையை அன்றன்றே துடைத்தெடுக்கிறேன், ஈரத்தில் ஊறினால் கிருமி பெருகும், அதே இலையில்தான் நாளை தண்ணீர் குடிப்பாள். வெட்டுக்கிளிகளைக் கூண்டுக்குள் அவிழ்த்துவிட்டால் அவை பைகஸ் தொட்டிக்குள் ஒளிந்துகொள்ளும், செம்பருத்தியைக் கொறிக்கும், இரவில் தூங்கும் பச்சோந்தியையும் கடிக்கும். வழுவழுப்பான உள்சுவர் கொண்ட ஆழமான டப்பாவில் போட்டு, கிளையோடு கட்டி ஊட்டுகிறேன், மிஞ்சியதை மாலையில் எடுத்துவிடுகிறேன். பைகஸை ஒருபோதும் உள்ளே வைத்துக் கவாத்து செய்வதில்லை. வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலையும் கண்ணையும் எரிக்கும். வெளியே எடுத்து வெட்டி, பால் நிற்கும்வரை தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகே உள்ளே.

உரமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், கற்களுக்கு அடியில். அவ்வளவுதான்.

இந்த எட்டாம் மாதத்தில் கூண்டு எப்படி இருக்கிறது? முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பாதி நேரம் அவள் தெரியமாட்டாள். நான் கதவைத் திறக்கும்போது கறுப்பதில்லை. இலைக்குப் பின்னால் இளம்பச்சையாக, ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தபடி இருக்கும். இரவில் எப்போதும் பைகஸின் அதே கொப்பில், முகத்தை இலைக்குள் வைத்துத் தூங்குகிறாள். அந்தக் கொப்பைக் கவாத்தில் நான் தொடுவதில்லை.

வெளியே ஜன்னலோரம் இப்போது புதிதாக ஐந்து செம்பருத்திக் குச்சிகள் நிற்கின்றன. இரண்டில் துளிர் வந்துவிட்டது. ஷெஃப்ளராவின் இரட்டைக்கு வரும் ஞாயிறு நான்காவது கழுவல், சீட்டில் தேதி போட்டாகிவிட்டது. இன்னும் எட்டு வாரம் அது வெளியே நிற்க வேண்டும்.